லூசி தின்னவில்லை

வெங்கடகிருஷ்ணன் சார்,

முயலுக்குக் காலையில் முதலில் தண்ணீர் மாற்ற வேண்டும், கீரையெல்லாம் பிறகுதான். ஒக்கலிபுரத்தில் என் மொட்டை மாடியில் முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஒழுங்கு தவறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முயல்களைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாதவன் சிரில் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நம் முயல் வளர்ப்போர் சங்கத்தில் கதை அளப்பவன் என்று என் வாய்க்கு ஒரு பெயர் உண்டு. என் முயல் ஒன்று மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறி, வைட்ஃபீல்டு வரை போய், அங்கே வெயில் அதிகம் என்று அதே ரயிலில் திரும்பி வந்த கதையை நீங்களே கேட்டிருக்கிறீர்கள். இது அந்த வகையில் சேராது. செயலாளர் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

நானும் கிளெமென்ட்டும் டச்சு முயல் வளர்த்தவர்கள். அந்த இனத்துக்கு வெள்ளைதான் அழகு. நெற்றியில் இறங்கும் வெள்ளை, கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை, பின்னங்கால்களில் சாக்ஸ் போட்ட மாதிரி கொஞ்சம். பட்டை ஒரு விரல் கோணினாலும் கண்காட்சி நடுவர் அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார். என்னுடையவை கறுப்பு. அவருடையவை சாக்லேட் நிறம், நம் ஊரில் வேறு யாரிடமும் இல்லை. பதினோரு வருஷம் அவர் முதல், நான் இரண்டாவது. அவர் இறந்ததும் நீங்கள் எல்லோரும் கூடி முதல் பரிசுக்கு அவர் பெயரையே வைத்தீர்கள். செத்த பிறகும் அவர்தான் முதல். குறையாகச் சொல்லவில்லை.

மூன்று வருஷம் முன்பு, டிசம்பரில், அவர் மனைவி நோரா டீச்சர் கண் ஆபரேஷனுக்குப் போனார். கிளெமென்ட் விட்டுப்போன ஒரே பெண் முயல் லூசி. நிறை சினை. அதை என்னிடம் விட்டுப் போனார். என் பெண் முயல் கறுப்பியையும் அதே நாளில்தான் ஆணோடு சேர்த்திருந்தேன். நாம் எப்போதும் இரண்டை ஒரே நாளில் சேர்ப்போம். ஒன்றுக்குப் பால் குறைந்தால் குட்டிகளை மற்றதன் பெட்டியில் வைத்துவிடலாம். அந்தப் பெட்டியின் வைக்கோலில் புரட்டி வைத்தால் தாய் ஏற்றுக்கொள்ளும். முயலுக்கு எண்ணத் தெரியாது.

இரண்டும் ஒரே விடியலில் ஈன்றன. பிறந்த குட்டிக்கு மயிர் இருக்காது, ஆனால் எது வெள்ளை, எது நிறம் என்று தோலிலேயே தெரிந்துவிடும். லூசிக்கு நான்கு குட்டி, நான்கும் சாக்லேட். மூன்றுக்குப் பட்டை கோணல். பட்டை நேராக விழுந்த நான்காவதை நான் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்தேன். பிறகு அதைக் கறுப்பியின் பெட்டியில் வைத்தேன். இதுவரை நான் செய்தது நீங்கள் எல்லோரும் செய்கிறதுதான்.

ஆனால் நோரா வீட்டில் மூன்று சாக்லேட் குட்டிகளும் என் வீட்டில் அதே வயதில் ஒன்றும் வளர்ந்தால், குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும். ஆகவே மற்ற மூன்றையும் ஒரு டிபன் பாக்ஸில் வைத்து மாடிச் சுவர்மேல் வைத்தேன். மூடவில்லை. கீழே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தபோது குளிர் தன் வேலையை முடித்திருந்தது. வெறுமனே சொன்னால் நோரா டீச்சர் நம்பமாட்டார். அதனால் ஒரு சின்னப் பின்னங்காலை மட்டும் லூசியின் வைக்கோலில் விட்டேன். கத்தரிக்கோல் கூர்மையாகத்தான் இருந்தது.

லூசி எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று சொன்னேன். தலையீற்றில் சில தாய்கள் அப்படிச் செய்யும் என்பதால் அவர் நம்பினார். என் வாழ்நாளில் ஒரு சந்தேகம்கூட இல்லாமல் நம்பப்பட்ட பொய் அது. கறுப்புக் கண்ணாடியோடு மாடிக்கு வந்து, அந்தக் காலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நா விட்டுட்டுப் போனதாலதானேண்ணா இப்படிப் பண்ணிடுச்சு? பக்கத்துல இருந்திருந்தா தின்னிருக்காதுல்ல?"

"இருக்கலாம்மா," என்றேன்.

அந்த ஒரு சொல்லை நினைத்து இன்றும் நான் கண்ணாடியைப் பார்த்து முகம் சவரம் செய்வதில்லை. குட்டிகளை நினைத்துக்கூட இவ்வளவு கூசியதில்லை.

லூசியைப் பார்க்கவே அவரால் முடியவில்லை. நீங்களே எங்கேயாவது கொடுத்துவிடுங்கள் என்றார். கறிக்கடைக்குக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. ஆனேக்கலில் என் தங்கை மகள் கேரல் வீட்டுப் பின்புறம் வைத்திருக்கிறேன். அதன்பின் நாலு முறை ஈன்றது. ஒரு குட்டியைக்கூடத் தின்னவில்லை.

நான்காவது குட்டியின் காதில் இரண்டு மாதத்தில் என் சங்க எண்ணைப் பச்சை குத்தினேன். காதில் எண் விழுந்த பிறகு, முயல் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அது கண்காட்சியில் முதலாவதாக வந்தபோது, கறுப்பு ஜோடிக்கும் எப்போதாவது சாக்லேட் பிறக்கும் என்று நீங்களே மேடையில் எல்லோருக்கும் விளக்கினீர்கள். அதற்கு நன்றி. கிளெமென்ட் கோப்பையை நோரா கையால்தான் வாங்கினேன். அவர் அந்த முயலைத் தூக்கி, "அவரோடது மாதிரியே இருக்குண்ணா," என்றார்.

போன வருஷம் தாங்க முடியாமல் சங்கத்து டீயின்போது எல்லோர் முன்னும் நடந்ததை அப்படியே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நோராதான் அதிகம் சிரித்தார்.

"போங்கண்ணா. அன்னிக்கு முயல மெட்ரோல ஏத்துனீங்க, இன்னிக்கு நீங்களே திருடனாயிட்டீங்களா?"

நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

மூன்று மாதம் முன்பு அவர் கூண்டுகளை விற்றுவிட்டார். உயிரை வளர்க்கத் தனக்குக் கை ராசி இல்லை என்றார். மிச்சமிருந்தது கிளெமென்ட்டின் கடைசி ஆண் முயல். நல்ல இடத்தில் இருக்கட்டும் என்று என்னிடமே கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அன்றுதான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. குட்டியைத் திருடியது நான். மூன்றைக் கொன்றது நான். லூசிமேல் பழி போட்டதும் நான். கோப்பை, லூசி, ஆண் முயல், எல்லாவற்றையும் நோராவின் வாசலில் வைத்து, அவர் காலில் விழ வேண்டும். விழுவேன்.

அந்த ஆண் முயலை லூசியோடு சேர்த்ததில் ஆறு குட்டி. ஒன்றின் பட்டை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி விழுந்திருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தை ஜனவரிக் கண்காட்சி முடிந்த மறுநாள் உங்களிடம் கொடுக்கிறேன்.