கட்டியின் பக்கம் போன அணுக்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கணவர் புற்றுநோயில் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"மாமாவுக்கு வெள்ளை அணு ஒண்ணும் கம்மியா இல்லியாம்க்கா. ஜாஸ்தியாவே இருந்துச்சாம்," என்றான் தம்பி.

"அப்புறம் ஏன்டா கட்டிய அழிக்கல?"

"அழிக்கத்தான் போச்சாம். கட்டியிலேர்ந்து ஏதோ வளர்ச்சிக் காரணி சொரக்குதாம். அது பட்டதும் அணுங்க மாறிப்போயி, கட்டிக்கே ரத்தக்குழாய் வளத்து வுட்டுச்சாம். டாக்டரு சொன்னாரு."

"நான் சத்தா ஆக்கிப் போடலன்னு ஊரே பேசுதேடா."

"நீ இன்னா ஆக்கிப் போட்டிருந்தாலும் இதான் நடந்திருக்கும்னாரு. உன் தப்பு இல்லக்கா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனம் ஆறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"கடைசி வாரம் தயிர்சோறு கேட்டுக்கினே இருந்தாருடா. சளி புடிச்சா எதிர்ப்பு சக்தி போயிடும்னு நான் தரவே இல்ல. குடுத்திருக்கலாம் இல்ல?"

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "குடுத்திருக்கலாம்க்கா," என்றான்.