அம்மாவின் விரல்களுக்குப் பிஸ்தா பச்சை

மஞ்சு: கைய இழுக்காதம்மா. இன்னும் காயல.

ஆண்டாயி: நான் எங்கடி இழுத்தேன்... அதுவா இழுத்துக்குது. காலையிலேருந்து முந்திரிக்கொட்டை உடைச்ச கை.

மஞ்சு: நாளைக்கு பூ வைக்க வராங்க. இன்னிக்கும் கம்பெனிக்குப் போவணுமா?

ஆண்டாயி: வூட்ல குந்திக்கிட்டு என்ன செய்ய... நீ மட்டும் என்ன, ஜவுளிக்கடைக்கு லீவா போட்ட?

மஞ்சு: கேட்டேன். தரல. நின்னு நின்னு காலு ரெண்டும் மரத்துப்போச்சு.

ஆண்டாயி: அப்ப படுத்துக்கயேன். இத யாரு கேட்டா?

மஞ்சு: விரல விரிச்சு வை. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

ஆண்டாயி: இது என்ன கலரு... ஆஸ்பத்திரி செவுரு மாதிரி.

மஞ்சு: பிஸ்தா பச்சை. இந்தக் கைக்கு லேசான ஊதா. ரெண்டும் காஞ்சதும் மேல பூ அச்சு வெக்கணும்.

ஆண்டாயி: பூவ நகத்துல வரையப் போறியா?

மஞ்சு: வரைய வேணாம். இந்தத் தகட்டுல பூ செதுக்கியிருக்கு பாரு... அது மேல வெள்ளைப் பாலிஷ் தடவி, பழைய ஏடிஎம் கார்டால ஒரு வழி வழிக்கணும். பள்ளத்துல மட்டும் நிக்கும். அத இந்த ரப்பர்ல ஒத்தி எடுத்து...

ஆண்டாயி: சந்தையில மாட்டுக்கு முத்திர குத்துற மாதிரி.

மஞ்சு: சிரிக்காத, ஆடுது.

ஆண்டாயி: சிரிக்கக்கூட தெம்பில்லடி எனக்கு.

மஞ்சு: ...இது என்னம்மா, நகத்தோரம்? புண்ணா?

ஆண்டாயி: கொட்டை எண்ணெ பட்டது. விடு, ஆறிடும். ஒனக்குப் போட்டுக்கயேன். பொண்ணு நீயா, நானா?

மஞ்சு: எனக்கு அப்புறம்... யாராச்சும் போன் பண்ணாங்களாம்மா?

ஆண்டாயி: யாரு?

மஞ்சு: பெரம்பலூர்லேருந்து... பிரசாத் வூட்லேருந்து.

ஆண்டாயி: மாப்ள வூட்டுக்காரங்க ஏன் பண்ணப் போறாங்க?

மஞ்சு: சும்மா கேட்டேன். அப்பாவ எங்க காணோம்?

ஆண்டாயி: பந்தல்காரரப் பாத்துட்டு வரேன்னு போனாரு.

மஞ்சு: இன்னும் நாற்காலி கூட வந்து எறங்கலயே.

ஆண்டாயி: வரும்... ஏய், இந்த விரல்ல பூ கோணிப்போச்சு.

மஞ்சு: நீ ஆட்டுன. இரு, துடைச்சுட்டு மறுபடி வெக்கிறேன்.

ஆண்டாயி: வேணாம்டி. கோணலாவே இருக்கட்டும்.

மஞ்சு: பத்து நிமிசம் கூட ஆவாதும்மா...

ஆண்டாயி: மஞ்சு. போதும்.

மஞ்சு: ரெண்டு விரல்தான் பாக்கி.

ஆண்டாயி: போதும்ங்கறேன்ல. நாளைக்கு யாரும் வரமாட்டாங்க.

மஞ்சு: யாரும்மா சொன்னா?

ஆண்டாயி: காலையில நீ கடைக்குக் கெளம்பிப் போனதும் தரகர் அங்கமுத்து வந்தாரு. வாசல்லயே நின்னு பேசுனாரு. அவங்களுக்கு ஒத்துவரலயாம், நாம வேற எடம் பாத்துக்கணுமாம். ஏன்னு ஒங்கப்பா கேட்டதுக்கு, தனக்கே தெரியலங்கறாரு. அப்பா பந்தல் வேணாம்னு சொல்லத்தான் போயிருக்காரு. எனக்கு வூட்ல இருப்புக் கொள்ளல. அதான் வேலைக்குப் போனேன்.

மஞ்சு: ஏம்மா வந்ததும் சொல்லல?

ஆண்டாயி: நீ பாட்டுக்குப் பாலிஷு புட்டிய எல்லாம் எடுத்து வரிசையா வெக்கிற. எந்த வாயால சொல்லுவேன்... எனக்குத் தெரியும், எல்லாம் கொட்டை எண்ணெயில கறுத்த இந்தக் கையாலதான். பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நான் காப்பி நீட்டுறேன், அவங்கம்மா புஷ்பவல்லி இந்த விரலயே பாத்தாங்க. டம்ளர வாங்கிக் கீழ வெச்சாங்க. கடைசி வரைக்கும் குடிக்கல. நான் அன்னிக்கே கைய முந்தானையில...

மஞ்சு: அம்மா.

ஆண்டாயி: அழுவாதடி. சாம்பல் போட்டுத் தேச்சேன், எலுமிச்சம்பழம் தேச்சேன். போவல. நான் என்ன பண்ணட்டும்?

மஞ்சு: அவங்க வேணாம்னு சொல்லலம்மா. நாந்தான் சொன்னேன்.

ஆண்டாயி: என்ன சொன்ன?

மஞ்சு: கல்யாணம் வேணாம்னு. நேத்து சாயங்காலம் பிரசாத்கிட்ட. போன்ல.

ஆண்டாயி: பைத்தியமாடி ஒனக்கு?

மஞ்சு: தட்டு மாத்தறப்ப ஒங்கம்மா நிக்க வேணாம், ஜெயலட்சுமி அத்தைய நிக்கச் சொல்லுன்னாரு. போட்டோவுல ஒன் கை தெரியுமாம். எல்லாருக்கும் அனுப்பணுமாம்.

ஆண்டாயி: இதுக்காடி... அவ நின்னுட்டுப் போறா. நான் உள்ள சமையல் வேலையப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

மஞ்சு: நீ அப்படித்தான் சொல்லுவேன்னு தெரியும். அதான் ஒங்கிட்ட கேக்கல.

ஆண்டாயி: ...எடுத்துச் சொல்லிப் பாக்காம, ஒரேயடியா வேணாம்னுட்டியா?

மஞ்சு: இல்லம்மா. மொதல்ல... நகத்துக்கு நல்லதா பாலிஷ் போட்டு வுடறேன், கறை தெரியாதுன்னு நானே அவர்கிட்ட சொன்னேன். சொல்லிட்டு அரியலூர் கடைத்தெருவுல போயி இதெல்லாம் வாங்குனேன். ஜெயங்கொண்டத்துல பஸ் மாற நிக்கிறப்ப பையத் தொறந்து பாத்தேன். எனக்கே கேவலமா இருந்துச்சு. அங்கேயே நின்னுக்கிட்டு அவருக்குப் போன் பண்ணி, வேணாம், ஒங்க வூட்ல சொல்லிடுங்கன்னு வெச்சிட்டேன்.

ஆண்டாயி: அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சுல்ல. அப்புறம் எதுக்குடி வந்ததும் வராததுமா என்னைப் புடிச்சு ஒக்கார வெச்சு இதப் போட்டு வுட்ட?

மஞ்சு: சொல்ல பயமா இருந்துச்சும்மா... ஒன் கையப் புடிச்சுக்கிட்டாவது சொல்லிடலாம்னு பாத்தேன்.