சுவரைப் பார்த்த பக்கம்

மணி பன்னிரண்டே கால். சமையல் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வருது. உங்கள்ல பாதிப் பேர் மனசு இப்பவே இலை முன்னால போய் உட்கார்ந்தாச்சு... எனக்குத் தெரியும்! தலைமையாசிரியர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, பந்திக்கு முன்னால ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன். இது பசியோட கேட்க வேண்டிய கதை.

சாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர். முக்கால்வாசி அம்மாமார் தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்குப் போறவங்க. வீடு திரும்ப ஆறரை ஆகும். பள்ளிக்கூடம் விடுறது நாலு மணிக்கு. நடுவில பிள்ளை எங்கே இருக்கும்? வீடு பூட்டியிருக்கு... ரோட்டுலதான்! லாரி பறக்கிற ரோடு. இதுக்காகத்தான் மத்திய அரசு மானியத்துல அங்கே மாலை வகுப்பு வந்துச்சு. ஆறரை வரைக்கும் படிப்பு, விளையாட்டு, பாட்டு. தாய்மாருக்கெல்லாம் நிம்மதி.

முதல் வாரம் நாற்பது பிள்ளை. ரெண்டாம் வாரம் முப்பது. மூணாம் வாரம்... இருபத்திரண்டு! இருபதுக்குக் கீழே போனா வகுப்பையே மூடிடுவாங்க. விதி அப்படி.

வகுப்பு எடுக்கிற மாரிக்கனி டீச்சர், ஆறாவது படிக்கிற முத்துப்பேச்சியை வாசல்ல மறிச்சாங்க. "ஏம்மா, நாலரைக்கே பையைத் தூக்கிட்டே? பாடம் பிடிக்கலையா?"

"பிடிக்குது டீச்சர்... பசிக்குது டீச்சர்."

அவ்வளவுதான் விஷயம்! மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலரைக்குப் பசிக்காதா? உங்களுக்கு இப்பவே பசிக்குதே!

டீச்சர் நேரா தலைமையாசிரியர்கிட்ட ஓடினாங்க. பேரு கனகசபாபதி. தங்கமான மனுஷர்... ஆனா சுற்றறிக்கைன்னா ஒரே பயம்.

"சார், மானியத்துல கொஞ்சம் சுண்டல் போடலாமா?"

"ஐயையோ! மெதுவா பேசுங்க டீச்சர்! நோட்டீஸ் போர்டைப் பாருங்க. 'செய்யக்கூடாதவை. ஒன்று, தின்பண்டம் வாங்கக்கூடாது.' முதல் கூடாதே அதுதான்!"

"அப்ப என்னதான் சார் வாங்கலாம்?"

"கற்றல் உபகரணம் வாங்கலாம். அதான் நாற்பது பூதக்கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கேனே!"

நாற்பது பூதக்கண்ணாடி! அதை வச்சுத் தேடினாலும் இருபத்திரண்டு பிள்ளைதான் தெரியுது!

அந்த வெள்ளிக்கிழமை மாவட்ட அதிகாரி பார்வையிட வர்றாங்கன்னு தகவல். சார் பரபரன்னு ஆயிட்டார். "போர்டு பளிச்சுன்னு இருக்கணும் டீச்சர், பழசையெல்லாம் எடுத்துடுங்க!" டீச்சர் ஈரத்துணியை வச்சு ஊறவிட்டு, அந்தச் சுற்றறிக்கையை மெல்ல உரிச்சாங்க. மைதாப் பசை. தாள் முழுசா கையோட வந்துச்சு.

பார்த்தா... பின்பக்கமும் எழுத்து!

முன்பக்கம் 'செய்யக்கூடாதவை.' பின்பக்கம் என்ன தெரியுமா? 'செய்யலாம்!' நம்ம சார், ஒரு சுருக்கம் இல்லாம பசை தடவி, அதைச் சுவரோட ஒட்டிட்டார்! இத்தனை நாளா அந்தப் பக்கத்தைப் படிச்சது சுவர் மட்டும்தான்!

அதுல என்ன போட்டிருக்கு? 'எடை, அளவு, சத்து ஆகியவற்றைச் சமையல் மூலம் கற்கும் வகுப்புக்கு உணவுப் பொருள் வாங்கலாம். வகுப்பு முடிந்தபின் மாணவர்கள் அதை உண்ணலாம்.' உண்ணலாம்! அரசாங்கமே எழுதியிருக்குய்யா, உண்ணலாம்னு!

சார் ரெண்டு தடவை படிச்சார். "இருந்தாலும் டீச்சர்... அதிகாரி வந்துட்டுப் போகட்டுமே?"

"அதுக்குள்ள இன்னும் மூணு பிள்ளை நின்னுட்டா, அவங்க பார்வையிட வரமாட்டாங்க சார். பூட்டத்தான் வருவாங்க."

மறுநாள் காலையில கொண்டைக்கடலை மூட்டையோட சாரே வந்து நின்னார்!

சும்மா பொட்டலம் கட்டிக் கொடுக்கல, கவனிங்க. நிஜமாவே வகுப்பு நடந்துச்சு. காலையில பிள்ளைங்க கடலையை நிறுத்து ஊறப்போடணும். சாயங்காலம் திரும்ப நிறுத்து, கணக்கு எழுதி, வேகவச்சு, தாளிச்சு... அப்புறம்தான் சாப்பாடு.

வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா உள்ளே வந்தாங்க. அடுப்பு எரியுது. கடுகு வெடிக்குது. சாருக்கு வேர்த்துக் கொட்டுது. அந்த அம்மா குனிஞ்சு, "என்ன பாப்பா நடக்குது இங்கே?"

முத்துப்பேச்சி கரண்டியோட நிமிர்ந்தா. "மேடம், நூறு கிராம் கடலையை ஊறவச்சா எத்தனை கிராம்?"

"நூறுதான். கடலை அதேதானே?"

வகுப்பே சிரிச்சிருச்சு! "தண்ணி குடிச்சிருக்குல்ல மேடம்! இருநூத்தி ஆறு. தராசு அங்கே இருக்கு, நீங்களே போட்டுப் பாருங்க."

அந்த அம்மா நிறுத்தே பார்த்தாங்க. அப்புறம் சார் பக்கம் திரும்பினாங்க. சாருக்கு உசிரே போயிருச்சு.

"இந்த விதியை எங்கே சார் பார்த்தீங்க?"

"பின்... பின்பக்கத்துல மேடம்..."

அந்த அம்மா கண்ணுல பொசுக்குன்னு தண்ணி. "இந்த ஒரு வரியைச் சேர்க்கணும்னு விதி எழுதுற குழுவில நாலு கூட்டம் சண்டை போட்டேன் சார். பதினோரு பள்ளிக்கூடம் பார்த்துட்டேன். அதைப் படிச்ச முதல் ஆள் நீங்கதான்."

அடுத்த மாசம் அந்த வகுப்புல எத்தனை பிள்ளை? நாற்பத்தாறு!

இப்ப சொல்லுங்க... அந்த இருபத்திரண்டு பேரைத் தவிர மத்த பிள்ளைங்களை ரோட்டுக்கு அனுப்பினது விதியா? இல்லை. விதி 'செய்யலாம்'னுதான் சொல்லுச்சு. நம்ம பயம் அனுப்புச்சு. 'கூடாது'ன்னு கண்ணுல பட்டதும் மூடி வைக்கிறோமே, அந்தப் பழக்கம் அனுப்புச்சு. விதியைப் பிள்ளைக்காகத்தான் எழுதுறாங்க. அதைப் பிள்ளையை நினைச்சுக்கிட்டுப் படிங்க. கடைசி வரி வரைக்கும் படிங்க.

காலையில உங்க ஒவ்வொருத்தருக்கும் புதுக் கையேடு கொடுத்தாங்க இல்லையா? எங்கே அது? ஆங்... பாதிப் பேர் அதை விசிறியா வச்சு வீசிக்கிட்டு இருக்கீங்க. வீசினது போதும் சார். பிரிங்க. எட்டாம் பக்கம், 'அனுமதிக்கப்பட்டவை'... நான் இங்கேயேதான் நிக்கிறேன். படிச்சு முடிச்சவங்க எழுந்திருச்சு சாப்பிடப் போகலாம்.