வரப்போரத்து நொச்சி

புதுக்கோட்டையில் சித்திரை மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு வேலை பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஊரே விசிறியும் கையுமாக இருக்கும். நான் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. நீங்களும் சிரிக்கலாம், ஐயா.

ரெக்கார்டு ரூமை நீங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. நான் இருபத்திரண்டு வருஷம் உள்ளே இருந்தவன். சமஸ்தானம் போய் சர்க்கார் வந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்த அறைக்குள் மட்டும் எதுவும் மாறவில்லை. இரண்டு முழக் கருங்கல் சுவர். வெயில் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. பின்னால் குளம். ஜன்னலை அடைத்தால் காகிதம் பூசணம் பூக்கும். திறந்தால் குளத்துக் காற்று எலும்புக்குள் நுழையும். காகிதம் இருக்கும் இடத்தில் கணப்புச் சட்டி வைக்கக்கூடாது என்பது விதி. அது நியாயமான விதி. நானே அதை நல்ல கையெழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன்.

பத்து மணிக்கு உள்ளே போனால் பதினொன்றுக்கெல்லாம் விரல் கணு ஒவ்வொன்றிலும் ஆணி இறங்கும். அப்புறம் முழங்கால். கட்டுகளின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்திருக்கிறேன். அலமாரிக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதிருக்கிறேன். ஆனால் வெளியே வந்து வெயிலில் அரை மணி நின்றால் போதும், வலி விட்டுவிடும். அதுதான் என் தலையெழுத்து. மேலதிகாரி கண்ணில் படும்போதெல்லாம் நான் நன்றாக நடந்துகொண்டிருப்பேன். இடமாற்றம் கேட்டு ஒன்பது மனு கொடுத்தேன். "உள்ள போனா நோவு, வெளிய வந்தா சொகமா? வேலைன்னா வர்ற நோவுய்யா இது" என்று பியூன் ஆண்டிச்சாமிகூடக் கேலி பேசினான்.

என் வலியை நம்பிய ஒரே ஆள் உண்ணாமலை.

கீரனூர்ப் பக்கத்துக் கிராமம். விதவை, பிள்ளையில்லை. இரண்டு மா நிலமும் ஒரு கிணறும்தான் அவளுக்குச் சொத்து. அது கூட்டுச் சொத்து, அவளுக்குப் பாத்தியதை இல்லை என்று கொழுந்தன் கேஸ் போட்டிருந்தான். நிலம் அவள் புருஷனுக்கே தனியாகப் பிரிந்தது என்று சமஸ்தான காலத்து உத்தரவு ஒன்று உண்டு. அதை எடுத்துக் கொடுத்தால் கேஸ் அவள் பக்கம். ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறி வந்து மனுவைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் கையையே பார்த்தாள்.

"கை ஏன் சாமி இப்படி வீங்கியிருக்கு? இந்த அறைக் குளிரு ஆகலையா ஒங்களுக்கு?"

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை, ஐயா.

உத்தரவை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். இருநூற்றுப் பதினாலாம் கட்டு, நடுவில் இருந்தது. எடுத்த தேதியை ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். திங்கட்கிழமை கொடுப்பதற்காக மேசைமேல் எடுத்து வைத்திருந்தேன். அதில் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

திங்கட்கிழமை அவள் ஒரு சீசாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். நொச்சியும் முடக்கத்தானும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். இன்னும் சூடு ஆறவில்லை. "தேய்ச்சுப் பாருங்கண்ணே" என்று என் உள்ளங்கையில் ஊற்றினாள். சாமி போய் அண்ணன் வந்துவிட்டது. தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மடங்கின. அந்த அறைக்குள் உட்கார்ந்தபடியே மடங்கின. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மேசைமேல் கிடந்த உத்தரவின்மேல் வேறொரு கட்டைத் தூக்கி வைத்தேன். "இன்னும் தேடுறேம்மா, அடுத்த வாரம் வா" என்றேன். ஒரு வாரம்தானே என்று நினைத்தேன்.

எண்ணெயை வாயால் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளே என்கிறீர்கள். கொடுத்திருப்பாள். ஆனால் காரியம் முடிந்த பிறகு அந்த அறைக்குள் திரும்பி வந்தவர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்தவன் நான். சந்தையில் நொச்சி வாங்கி நானே காய்ச்சியும் பார்த்தேன். பலிக்கவில்லை. அவள் கைப்பக்குவம் வேறு.

அப்படி ஒன்பது திங்கட்கிழமை வந்தாள். ஒவ்வொரு முறையும் நான் அலமாரி அலமாரியாகத் தேடினேன். பொய்யாகத் தேடினாலும் குனிந்து நிமிர்ந்துதானே தேட வேண்டும்; எனக்கும் அது சிரமம்தான். ஐப்பசியில் ஒன்பதாம் முறை வந்தபோது சீசாவை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நாளைக்கு வாய்தாண்ணே. இதுக்கு மேல தரமாட்டாங்களாம். அந்தக் காயிதம் இல்லேன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

அவள் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, மேசை டிராயருக்குள் அது இருந்தது. "கெடைக்கலம்மா" என்றேன்.

கேஸ் தோற்றது. இனி வரமாட்டாள் என்று நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. ஆனால் அடுத்த திங்கட்கிழமையும் சீசாவோடு வந்தாள். "நீங்க என்ன செய்வீங்க? எனக்காக இந்தக் குளிருல அம்புட்டு நாள் தேடுனீங்களே" என்றாள். அப்பீலுக்கு இன்னும் நாள் இருந்தது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கார்த்திகை பிறந்ததும் வெறுங்கையோடு வந்தாள்.

"எண்ணெய் எங்கேம்மா?" என்றேன்.

"நொச்சி எங்க வரப்போரத்துலதாண்ணே நின்னுச்சு. இப்பக் கால் வைக்க விடமாட்டேங்குறாங்க. அடிச்சு வெரட்டுறாங்க."

நிலம் போனால் நொச்சியும் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் காரியத்தில் நான் செய்த பிசகு அது ஒன்றுதான். முன்னாலேயே கேட்டு வைத்திருந்தால் உத்தரவை உடனே கொடுத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அவள் போகவில்லை. தன் கையை நீட்டிக் காட்டினாள். கணுக்கள் வீங்கியிருந்தன. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு கல் மண்டபத்தில் படுத்திருந்தாளாம். "இப்பத்தாண்ணே ஒங்க நோவு எனக்குத் தெரியுது. எப்படித்தான் பொறுத்தீங்களோ" என்றாள். அதற்கு மேல் அந்த அறையில் அவளுக்கு என்ன வேலை? எழுந்து போகச் சொன்னேன்.

மார்கழியில், அந்த மண்டபத்திலேயே விறைத்துக் கிடந்தாள் என்று ஆண்டிச்சாமி வந்து சொன்னான். இரண்டு நாள் கழித்து அவன்தான் ரிஜிஸ்தரைப் புரட்டி என் கையெழுத்தை உங்களுக்குக் காட்டியிருக்கிறான். அதில் எனக்குக் கோபமில்லை. பதிவு செய்யாமல் நான் எதையும் எடுத்ததில்லை.

உத்தரவு எங்கே என்றுதானே காலையிலிருந்து கேட்கிறீர்கள்? டிராயரில் தேட வேண்டாம். அந்தக் காலத்துக் கெட்டிக் காகிதம், ஐயா. குளிரை நன்றாகத் தாங்கும். சீசாவின் அடியில் மிச்சமிருந்த எண்ணெயை அதில் தடவி இடது முழங்காலில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். அவிழ்த்துத் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள், விரல் மடங்கவில்லை. எழுத்து அழியவில்லை, முத்திரையும், அவள் புருஷன் பெயரும் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் பொறுப்பில் ஒரு காகிதம்கூடத் தொலைந்ததில்லை.