லூசியம்மாளின் இருமல்

இருமல் மருந்து கலப்பதில் தாராவியில் எனக்கு நல்ல பெயர் உண்டு, சார். டாக்டர் சலாவுதீனிடம் நெடுநாளாகக் கம்பவுண்டர். எழுதிக்கொடுப்பது அவர்தான் என்றாலும், "வேதமுத்து அண்ணாச்சி மருந்து" என்றுதான் சனங்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். கசப்பு நாக்கில் தங்காதபடி கலப்பேன்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாததால் நான் சொல்வதை மொழிபெயர்க்க மாட்டுங்காவிலிருந்து உங்களை வரவழைத்திருக்கிறார்கள். எனக்கும் அது நல்லதாயிற்று. அந்தப் பக்கத்துக்காரர் என்றால் சங்கீதம் காதில் விழுந்திருக்கும். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊர்ச்சங்கத்துக்குத் தகரக் கூரை போட்ட ஒரு ஹால் உண்டு. மற்ற நாட்களில் அங்கே பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு. ஞாயிறு சாயங்காலம் மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஜமுக்காளம் விரிப்பேன். மேடை கிடையாது, மைக் கிடையாது. தனசீலன் வயலின், பிச்சை மிருதங்கம். கேட்க வருகிறவர்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காருவார்கள். தந்தியில் வில்லை வைப்பதற்கு முன் தனசீலன் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கும். சயானில் அவ்வளவு பெரிய ஹால் கட்டியிருக்கிறார்களே, அங்கே இது கிடைக்குமா? போன வருஷம் பாகிஸ்தான் சண்டை நேரத்தில் விளக்கை மறைக்கச் சொன்னபோது கச்சேரியை மத்தியானத்துக்கு மாற்றினேனே தவிர நிறுத்தவில்லை.

தனசீலன் குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். மாதா கோவில் பாட்டுக் குழுவில் வயலின் பிடித்துக்கொண்டிருந்தவனை மாட்டுங்காவில் ஒரு வாத்தியாரிடம் சேர்த்துவிட்டது நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சொந்தம் என்று சொல்லவும் ஆள் இல்லை. வாரம் முழுவதும் மருந்து நெடியில் கிடந்துவிட்டு அவன் வாசிப்பைக் கேட்கும்போதுதான் நானும் ஒரு மனிதன் என்று தோன்றும்.

லூசியம்மாள் அவன் மனைவி. தங்கமான பெண். வரும்போதெல்லாம் எனக்கென்று கிண்ணத்தில் சுண்டல் கொண்டுவருவாள். ஆனால் அவளுக்கு மூச்சிழுப்பு. வாசிப்பு உருகி வரும் நேரத்தில் இருமல் பிடித்துக்கொள்ளும். உடனே தனசீலன் வில்லை எடுத்துவிடுவான். வயலினைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிடுவான். மறுபடி வந்து உட்காரும்போது ராகம் எங்கேயோ போயிருக்கும்.

வீட்டிலேயே இருந்துவிடேன் என்று அவளிடம் பக்குவமாகத்தான் சொல்லிப் பார்த்தேன்.

"நான் எதுக்க இருந்தாத்தான் அவியளுக்கு வாசிக்க வருமாம் அண்ணாச்சி. நான் வரலன்னா அவியளும் வரமாட்டாவ," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். இருமலுக்கு மருந்து இருக்கிறது. அதை நான் கலக்கிறேன். இதில் தப்பு என்ன இருக்கிறது? எங்கள் அலமாரியில் அபின் சேர்ந்த ஒரு டிங்சர் உண்டு. இருமல் அப்படியே அடங்கிவிடும். டாக்டர் அதைப் பூட்டித்தான் வைத்திருப்பார். சாவி என்னிடம். "இழுப்புக்காரங்களுக்கு இது ஆகவே ஆகாது, வேதமுத்து. இருமலோட மூச்சையும் சேத்து அமுக்கிரும்," என்று அவர் முன்னமே சொல்லியிருக்கிறார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் ஞாயிறு அவளுக்குக் கொடுத்த இருமல் மருந்தில் அதைக் கொஞ்சமாகத்தான் சேர்த்தேன். லூசி சுவரில் சாய்ந்து கண் செருகி உட்கார்ந்திருந்தாள். சங்கீதத்தில் சொக்கிப்போயிருக்கிறாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குத் தனசீலன் கல்யாணியை ஒரே மூச்சில் கட்டி எழுப்பினான். பிச்சை வாசிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்த மருந்துதான் தனக்குக் கேட்கிறது என்று லூசியே எல்லாரிடமும் சொன்னாள். போகப் போக அவள் உடம்புக்கு அது பழகிவிட்டது. நானும் அளவைக் கூட்டினேன்.

அந்தக் கடைசி ஞாயிறு நல்ல மழை. அவள் வரும்போதே நெஞ்சு விசில் அடித்தது. நான் கிளாஸை நீட்டியதும் தயங்கினாள்.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. இதைக் குடிச்சா மூச்சு அடைக்க மாதி இருக்கு."

"குடிச்சிரு தாயி. இன்னைக்கு சகானா வாசிக்கப் போறான். நடுவுல அவன் எந்திரிச்சு வரும்படி வச்சிராத," என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடித்தாள்.

நான் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். தகரத்தில் மழை அடித்த சத்தத்துக்கு யார் இருமினாலும் காதில் விழுந்திருக்காது. எல்லாரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். மழை ஒரு இடைஞ்சலாகவே எனக்குத் தோன்றவில்லை. மழைக்காகத் தனசீலன் நிறுத்தமாட்டான். அவளுக்காக மட்டும்தான் நிறுத்துவான்.

சகானா பாதிக்கு வந்தபோது அவள் தலை என் தோளில் சாய்ந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெகு நேரம் பிடித்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். இத்தனை காலம் டாக்டரோடு இருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அவளை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். தெருமுனைதான்.

தனசீலன் வாசித்தபடியே நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என்ன ஆச்சு என்று புருவத்தை உயர்த்தினான். வில் நின்றுவிடும் போல இருந்தது. நான் கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்து, தூங்குகிறாள் என்று காட்டினேன். நீ வாசி என்று கையசைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் வாசித்ததை உங்களுக்கு எப்படிச் சொல்வது, சார்? அவள் தலை சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன். முடியும்போது அவள் மூச்சும் நின்றிருந்தது.

இழுப்பில் போய்விட்டாள் என்று எல்லாரும் நம்பினார்கள். டாக்டரும் நம்பினார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் இங்கே வந்தேன். மனசு உறுத்தி வந்ததாக எழுத வேண்டாம். தனசீலன் தந்திகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டான். போய்க் கூப்பிட்டால், "நான் பாத்துக்கிட்டே வாசிச்சேனே அண்ணாச்சி. அவ சாவுததைப் பாத்துக்கிட்டே வாசிச்சேனே," என்கிறான். வேறு பேச்சே இல்லை. ஹால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கிறது.

அதனால்தான் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். என்னை என்ன செய்தாலும் சரி. இதை மட்டும் அவனுக்கு நன்றாகப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள்: மருந்து கொடுத்தது நான், தூங்குகிறாள் என்று பொய் சொன்னதும் நான். புதுத் தந்தி வாங்கிப் பிச்சையிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். தன் மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டால், அப்புறம் வாசிக்காமல் இருக்க அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?