சாமி அலமாரிக் கைப்பிடி

மயூரா: லேப்டாப் பாஸ்வேர்டைச் சொல்லு.

யதீசன்: அக்கா! என் சாமானை நோண்டக் கூடாதுன்னு அம்மா உன்கிட்ட…

மயூரா: சத்தியமே வாங்கினாங்க. சொல்லு.

யதீசன்: ஐயோ, வக்கீலம்மா கோபமா இருக்காங்க. வாரண்ட் இருக்கா?

மயூரா: இளிக்காதே. சாமி அலமாரியில புதுக் கைப்பிடி இருக்கே, எங்கேருந்து வந்துச்சு?

யதீசன்: அது… என் 3D பிரிண்டர் பக்கத்துல கிடந்துச்சு. பிடிக்க வாட்டமா இருக்குன்னு அம்மாவே மாட்டிக்கிட்டாங்க.

மயூரா: வாட்டமா இல்லாம? துப்பாக்கியோட பிடிடா அது!

யதீசன்: மெதுவாப் பேசு லா… அம்மா வந்துட்டாங்களா?

மயூரா: தேக்கா மார்க்கெட்டுல பூ வாங்கிட்டிருக்காங்க. தினமும் அதைப் பிடிச்சுத் திறந்துதான் விளக்கு ஏத்துறாங்க. வீடு அவங்க பேர்ல. கைரேகையும் அவங்களோடது.

யதீசன்: வெறும் பிளாஸ்டிக்தான்க்கா. முடியுமான்னு பாத்தேன், அவ்வளவுதான். அது ஒண்ணுதான் பிரிண்ட் போட்டேன்.

மயூரா: இந்த ஊர்ல துப்பாக்கி வரைபடத்தை லேப்டாப்ல வச்சிருந்தாலே குத்தம்.

யதீசன்: சட்டம் போட்டா நின்னுடுமா? ஒரு சைட்டை மூடினா இன்னொண்ணு திறக்குது. நம்ம தெம்பனிஸ் வட்டாரத்துல மட்டும் எத்தனை வீட்டுல இந்த பிரிண்டர் இருக்கு… வீடு வீடா எட்டிப் பாப்பாங்களா? தடுக்கவே முடியாது.

மயூரா: முடியாதுதான். எந்த அதிகாரிக்கும் உன் ரூம்ல நடக்கிறது தெரியாது. ஆனா நான் இதே வீட்டுல இருக்கேனே.

யதீசன்: …அழறியா?

மயூரா: ஆத்திரம்டா. சாங்கி ஏர்போர்ட்டுல கக்கூஸ் கழுவி அம்மா என்னைப் படிக்க வச்சாங்க. இந்த வீட்டுல முதல் பட்டம். முதல் கேஸும் இந்த வீட்டுலயா?

யதீசன்: சரி… எல்லாத்தையும் அழிச்சிடுறேன். கைப்பிடியைக் குப்பைக் குழாயில போட்டுடலாம். அழாதக்கா, ப்ளீஸ். ஏதாவது சாப்பிட்டியா நீ?

மயூரா: சட்டையைப் போடு.

யதீசன்: எதுக்கு? எங்க போற… கதவை ஏன் திறக்குற?

மயூரா: போடுடா.

யதீசன்: அக்கா, நில்லு… நான் பொய் சொல்லிட்டேன். மத்த பாகமும் போட்டாச்சு. கட்டிலுக்கு அடியில இருக்கு.

மயூரா: நீ குளிக்கப் போனப்பவே பாத்துட்டேன். போலீஸுக்கும் பேசிட்டேன், நம்ம அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ நிக்கிறாங்க. உன் வாயால வரட்டும்னுதான் இவ்வளவு நேரம் நின்னேன்… வா, லிஃப்ட்டைப் பிடிச்சு வைக்கிறேன். ஸ்டேஷன்ல உன் பக்கத்துல நான் இருப்பேன்.