ஊற்றுக்குழியில் இரண்டு ஓஸ்

நான் ஒரு செம்புத் தண்ணீரில் முகம் கழுவி, மிச்சத்தில் காலையும் கழுவிக்கொள்கிற ஆள், சார். வட்டவடையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. ஊர் வாட்ஸாப் குழுவில் தண்ணீர் சேமிப்பு பற்றித் தினமும் பதிவு போடுகிறவனும் நான்தான். யாரும் படிப்பதில்லை என்பது தெரியும்.

என் ஹோம்ஸ்டே முன்னால் இருக்கிற பூச்செடிகளுக்கு மட்டும் ஓஸ் குழாய் பகல் முழுக்க ஓடும். என் மனைவி அன்னாள் கேட்பாள்: "ஏங்க, நான் அரிசிய ரெண்டு தடவ கழுவுனா கத்துறீங்க. இந்தப் பூவு என்ன, உங்க மாமியாளா?"

பூவைப் பார்த்துத்தான் டூரிஸ்ட் வண்டியை நிறுத்துகிறான். அது வீணாக்குவது இல்லை, தொழில்.

எங்களுக்குத் தண்ணீர் மலை ஊற்றிலிருந்து வருகிறது. அவரவர் ஓஸை அவரவர் இழுத்துக்கொள்ள வேண்டும். பாறை மேலே இருக்கிற எங்கள் ஊற்றுக்குழியில் இரண்டு ஓஸ். ஒன்று என்னுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டு சிவப்பிரகாஷுடையது. இந்த மார்ச் மாதம் குழித் தண்ணீர் ஓர் ஓஸுக்குத்தான் காணும் போலிருந்தது. அவனும் மனைவி ஞானஜோதியும் பூண்டுப் பயிரை நம்பி இருந்தார்கள். நான் பூவை நம்பி இருந்தேன்.

அவன் ஓஸை அறுத்திருக்கலாம். நல்ல ஓஸ், மனசு வரவில்லை. செடிக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்து அரை வாளி இருந்தது, கெட்டியாகக் கலந்தது. அதையும் கொட்ட மனசு வரவில்லை. வாளியைப் பாறை மேல் தூக்கிப் போய், அவன் ஓஸின் வாயைக் குழியிலிருந்து எடுத்து அதற்குள் விட்டேன்.

தண்ணீர் நின்றால் இங்கே எல்லோரும் ஒன்றுதான் செய்வார்கள். பாறைக்குக் கீழே இருக்கிற ஜாயிண்டைக் கழற்றி, வாய் வைத்து உறிஞ்சிக் காற்றை எடுப்பார்கள். சிவப்பிரகாஷ் வந்தான். முதலில் பாறை மேல் ஏறிப் பார்க்கப் போனான்.

"ஏறாதப்பா. நான் பாத்துட்டுத்தான் எறங்குறேன். ஒன் ஓஸு முங்கித்தான் கெடக்கு. காத்து புடிச்சிருக்கும், நல்லா இழு."

"உங்க ஓஸுக்கு மட்டும் காத்தே புடிக்காதாண்ணே? அதுவும் உங்களப் பாத்துப் பயப்படுது போல" என்று சிரித்தான். பிறகு நல்லா இழுத்தான்.

அவனே மருந்தைக் குடித்துச் செத்துவிட்டான் என்று ஊரில் பேசுகிறார்கள். நல்ல மனுஷனை அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். குடிக்க வைத்தது நான்.

அவன் விழுந்ததும் ஆளைக் கூப்பிட்டேன், சார். அதற்கு முன்னால் மேலே ஏறி, அவன் ஓஸைக் கழுவித் திரும்பக் குழிக்குள் போட்டேன். பார்த்தால், தண்ணீர் இரண்டு ஓஸுக்கும் காணுகிறது; ஞானஜோதியின் பூண்டு இப்போது பச்சையாக நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் இதுகூடச் செய்யவில்லையென்றால் எப்படி?